முதுகு என்று ஒரு கட்டம்

பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. அடுப்பை அணைத்துவிட்டுத்தானே வந்தீர்கள்? கதவைத் தாழ்ப்பாள் போடவேண்டாம், சும்மா சாத்தினால் போதும். இன்றைக்கு ஒரு தராசுக்காரரின் கதை சொல்லப்போகிறேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இது இனிக்கிற கதை இல்லை. மருந்தைப் போல நாக்கில் கசந்துதான் உள்ளே இறங்கும். நடுவில் பூனைகள் வரும். பூனை வளர்க்கிறவர்கள் யாராவது இருந்தால் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். உங்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன்.

சட்டை பூட்டவில்லை. அங்கேதான் கதை தொடங்குகிறது.

மாடி அறைக் கட்டிலில் தராசுக்காரர் நீட்டிக் கிடந்தார். முந்தின நாள் பிற்பகல் ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தார். சின்னவள், அதாவது அவருடைய மகள், பெட்டியிலிருந்து வெள்ளை முழுக்கைச் சட்டையை எடுத்து வந்து போட்டுவிட்டாள். கழுத்துப் பித்தான் பூட்டியது. பூட்டிய பிறகும் இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத் தொளதொளத்தது. மார்புப் பித்தானும் பூட்டியது. வயிற்றில் மட்டும் நான்கு விரல் இடைவெளி. அண்ணன் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்தான்.

"வேற சட்டை இல்லையா?"

"இருக்கறதுலயே பெருசு இதுதான் அண்ணா."

வாசலில் நின்றிருந்த வண்டிக்காரர் தொண்டையைச் செருமினார். சாவு வண்டி ஓட்டிப் பழகியவர். மேல் பையிலிருந்து ஒரு கத்தரிக்கோலை எடுத்து நீட்டினார். "பின்பக்கம் மேலேர்ந்து கீழ வரைக்கும் கீறிடுங்கம்மா. முன்னாடி பூட்டிக்கும். படுத்திருக்கறவருக்கு முதுகை யாரு பாக்கப்போறாங்க?"

அண்ணன் அப்பாவின் தோளைப் பிடித்து ஒருக்களித்தான். முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். சின்னவள் காலரிலிருந்து கத்தரிக்கத் தொடங்கினாள். துணிக்கும் உடம்புக்கும் நடுவில் இடது கையைக் கொடுத்து, கத்தி தோலில் படாமல், கொஞ்சம் கொஞ்சமாக.

பாதி முதுகில் அவள் கை நின்றுவிட்டது.

விரல் முட்டிகளில் எலும்பு தட்டியது. ஒன்று, அதன் கீழே ஒன்று, அதன் கீழே இன்னொன்று. எடைக்கற்களை வரிசையாக அடுக்கி மேலே மெல்லிய துணி போர்த்தினால் எப்படி இருக்கும், அப்படி. இரண்டு பக்கமும் பள்ளம். சதை என்று சொல்ல ஒரு சிட்டிகை இல்லை.

"ஆச்சா?"

"ம்."

"என்ன ம்? கீறிட்டியா இல்லையா?"

"கீறிட்டேன்."

அப்பாவை மெல்ல மல்லாத்தினார்கள். வயிற்றுப் பித்தான்கள் சொன்னபடி பூட்டிக்கொண்டன. அண்ணன் கடைசிப் பித்தானைப் போட்டுவிட்டு, அதிலிருந்து கையை எடுக்காமலேயே சொன்னான்:

"எடை ஏறிடுச்சுன்னு சொன்னியே."

அவ்வளவுதான் சொன்னான். அதைக் கத்திச் சொல்லியிருந்தால் சின்னவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள்.

சொன்னது அவள்தான், மறுப்பதற்கில்லை. எட்டு வாரமாக வியாழக்கிழமை தோறும் வெளியூரில் இருக்கும் அண்ணனுக்கு அவள்தான் போன் செய்தாள். அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, ஆள் வாடிப்போனார் என்று அம்மா புலம்பியதும், "தராசை வெச்சுக்கிட்டு ஏன் தலையைப் பிச்சுக்கணும்? வாரா வாரம் ஏறி நில்லுங்கப்பா" என்று கீழே அவருடைய தராசுப் பழுதுக் கடையில் இருக்கும் மேடைத் தராசில் அவரை ஏற்றியவளும் அவள்தான். முள் நிற்கும் இடத்தை அவள் படித்துச் சொல்வாள். முதல் இரண்டு வாரம் கொஞ்சம் இறங்கியது. மூன்றாவது வாரம் அரைக் கிலோ ஏறியது. பிறகு ஒரு கிலோ. பிறகு ஒன்றரை.

"அப்பா தேறிட்டாரு அண்ணா. அறுபத்திரண்டு."

"நிஜமாவா? அப்ப நான் லீவை அடுத்த மாசத்துக்குத் தள்ளிக்கட்டுமா?"

"தள்ளிக்கோ. ஒண்ணும் அவசரமில்ல."

மூன்று முறை டிக்கெட் எடுத்து மூன்று முறை ரத்து செய்தான் அவன். கடைசியில் வந்தபோது ஆஸ்பத்திரி டாக்டர், "வயிறு முழுக்கத் தண்ணி. ஏறினது எடை இல்லைங்க, தண்ணி. முன்னாடியே வந்திருந்தா ஏதாவது பாத்திருக்கலாம்" என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

கன்னம் ஒட்டிப்போனது கண்ணில் படவில்லையா என்று கேட்பீர்கள். பட்டது. "பல்லு போச்சு, பின்னாடியே கன்னமும் போச்சு. வாடகைக்கு இருந்தவன் காலி பண்ணினா வீடு சரியத்தானே செய்யும்?" என்று அவர் சிரித்தார். வீடே சிரித்தது.

அம்மா சுவரோரம் நாற்காலியில் இருந்தாள். அழுது முடித்திருந்தாள். எதிர்வீட்டுச் சலவைக்கடைக்காரர் பக்கத்தில் குந்தியிருந்தார். முப்பது வருஷம் தராசுக்காரரோடு சண்டை போட்டு, முப்பது வருஷம் அவரோடு தேநீர் குடித்தவர்.

"ஒண்ணே ஒண்ணுதான் ஆறுதல்," என்றாள் அம்மா, யாரிடமும் இல்லாமல். "அவருக்கு எதுவும் தெரியாது. தேறிட்டோம்னு நம்பிக்கிட்டே போயிட்டார். ஒரு நாள்கூட சாவை நெனச்சுப் பயப்படல. அந்த மட்டும் புண்ணியம்."

"ஆமா அண்ணி," என்றார் சலவைக்கடைக்காரர். "அது எத்தனை பேருக்குக் கிடைக்கும்?"

சின்னவள் கத்தரிக்கோலை வண்டிக்காரரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

இப்போது பூனையைச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கடையில் ஒரு மஞ்சள் பூனை இருந்தது. ஒரு வயதுக் குட்டி. எந்தத் தராசு பழுதுக்கு வந்தாலும் முதலில் அதன் தட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதனால் அதற்கு எடைக்கல் என்று பேர். தராசுக்காரர் தினம் காலையில் அதை நிறுப்பார். பழுது பார்த்த தராசு சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க அதுதான் முதல் சரக்கு. "மனுஷன் பொய் சொல்வான், முள் பொய் சொல்லாது" என்பது அவருடைய வேதம். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது ஓதுவார்.

ஒரு மாசம் எடைக்கல்லின் எடை ஏறிக்கொண்டே போனது. வயிறு பானை மாதிரி ஆனது. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. சின்னவள்தான் சொன்னாள்: "அப்பா, தடவிப் பாருங்க. முதுகு சீப்பு மாதிரி இருக்கு. காய்ச்சலும் விடமாட்டேங்குது."

"முள்ளைப் பாருடி. உன் விரலைவிட முள்ளுக்கு அறிவு அதிகம்."

கடைசியில் தூக்கிக்கொண்டு போனபோது ஒரு வயதான கால்நடை டாக்டர் வயிற்றில் ஊசி போட்டு இழுத்தார். தேன் நிறத்தில், நூல் நூலாக இழுபடுகிற தண்ணீர் வந்தது. "எஃப்.ஐ.பி. வைரஸ் நோய். இதுக்கு உலகத்துலயே மருந்து கிடையாது. கொண்டு போய் நல்லா வெச்சுக்குங்க" என்றார். பதினோரு நாள் நல்லா வைத்துக்கொண்டார்கள். பன்னிரண்டாம் நாள் தராசுத் தட்டிலேயே அது செத்துக் கிடந்தது.

அதுவரைகூடத் தாங்கிக்கொண்டார் மனிதர். ஒன்றரை மாதம் கழித்து, தன் ஆஸ்பத்திரித் தராசைப் பழுதுக்குக் கொண்டுவந்த ஓர் இளம் பெண் கால்நடை டாக்டரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னார். அந்தப் பெண் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"மருந்து இருக்கே ஐயா! வந்து சில வருஷம் ஆச்சே. தினமும் ஒரே நேரத்துக்கு, வழக்கமா எம்பத்துநாலு நாள் விடாம குடுக்கணும். எடைக்குத் தகுந்த அளவு. எடை கூடக் கூட மருந்தையும் கூட்டணும். சீக்கிரம் ஆரம்பிச்சா பத்துல எட்டுப் பூனைக்கு மேல பிழைச்சுக்குது. உங்களுக்கு யாருமே சொல்லலையா?"

யாருமே சொல்லவில்லை. அவர் அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு, உள்ளே விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிடப் போன சின்னவளிடம் ஒன்று சொன்னார். "முள் பொய் சொல்லாதுதான். ஆனா முழுசாவும் சொல்லாது."

மறுநாள் கடைவாசலில் ஒரு பலகை தொங்கியது. அவரே பெயின்ட்டால் எழுதியது:

பூனை வளர்ப்போர் கவனிக்க. வயிறு பெருத்து முதுகெலும்பு தட்டினால் அது கொழுப்பு அல்ல. விடாத காய்ச்சல், தின்ன மனமில்லை என்றால் உடனே கால்நடை டாக்டரிடம் போங்கள். எஃப்.ஐ.பி. நோயாக இருக்கலாம். மருந்து இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மருந்து உண்டு. மருந்து உண்டு. இங்கே பூனைக்கு இலவசமாக எடை பார்க்கப்படும்.

"ரெண்டு தடவ ஏன்யா எழுதியிருக்கே?" என்று சலவைக்கடைக்காரர் கேட்டார். "பெயின்ட் மிச்சமா?"

"முதல் தடவ படிக்கறவன் நம்பமாட்டான்," என்றார் இவர்.

சிரித்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் பூனைக் கூடைகளும் வந்தன. அந்த இளம் டாக்டரின் ஆஸ்பத்திரி இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய தூரம். வாரத்துக்கு ஒருநாள் இவரிடம் நிறுத்து, எடையைப் போனில் சொன்னால், டாக்டர் மாத்திரை அளவைச் சொல்லிவிடுவாள். ஒவ்வொரு பூனைக்கும் தராசுக்காரர் ஓர் அட்டை போட்டார். தேதி, எடை, அதற்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம்: முதுகு. நிறுத்த பிறகு, கண்ணை மூடிக்கொண்டு பூனையின் முதுகை ஒரு தரம் தடவுவார். சதை அல்லது எலும்பு என்று அந்தக் கட்டத்தில் எழுதுவார். அது நிரம்பாமல் எடையைச் சொல்லவே மாட்டார்.

மூன்று வருஷத்தில் பத்தொன்பது அட்டை. பதினாறு பூனை பிழைத்தது. அட்டைகளெல்லாம் கடைச் சுவரில் ஓர் ஆணியில் குத்தி இருந்தன.

மாடி அறை ஜன்னல் வழியாக அந்தப் பலகையின் மேல்விளிம்பு தெரிந்தது. அதன் கீழே, சாவு வண்டிக்குப் பக்கத்தில், சீருடையோடு ஒரு பெண் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திகைத்து நின்றிருந்தாள்.

அன்றைக்கு வியாழக்கிழமை. சின்னவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

கீழே இறங்கிப் போனாள். வந்திருந்தவள் பஸ் கண்டக்டர். கூடைக்குள் இருந்தது அவளுடைய சாம்பல் நிறப் பூனை, சில்லறை. கண்டக்டர் வீட்டுப் பூனைக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்?

"அக்கா, எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா வந்திருக்கவே மாட்டேன்." கண்டக்டர் ஓர் அடி பின்வாங்கினாள். "போன வியாழக்கிழமை நின்னு பேசினாரே அக்கா!"

"இன்னைக்கு எத்தனையாவது நாள்?"

"அறுபத்து மூணு. அது பரவாயில்லக்கா. பத்து மணிக்கு மாத்திரை, நான் பழைய அளவே போட்டுக்கறேன்."

"பழைய அளவு போடக்கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காரில்ல?"

கூடைக்குள்ளிருந்து சில்லறை ஒரு முறை கத்தியது.

மாடிப்படியில் அண்ணனின் குரல் வந்தது. "யாரு அது? என்ன கூடை?"

"எடை பாக்க வந்திருக்காங்க அண்ணா. பூனைக்கு."

"சாவு வீட்ல பூனைக்கு எடையா? ஊர் சிரிக்கும்."

"ஊர் சிரிச்சா சிரிக்கட்டும்டா," என்று மேலேயிருந்து அம்மா சொன்னாள். அவள் குரலில் பழைய எரிச்சல் திரும்பியிருந்தது. "உங்கப்பன் இருந்திருந்தா தான் போறதைத் தள்ளிவெச்சுட்டு முதல்ல பூனையைத்தான் பாத்திருப்பார். பூனைக்கெல்லாம் மருந்து கண்டுபிடிச்சு வெச்சிருக்கான். தராசுக்காரனுக்குத்தான் ஒருத்தனும் கண்டுபிடிக்கல."

அண்ணன் திரும்பி மாடி ஏறினான்.

வீட்டுப் படிக்கட்டு கடைக்குள்தான் இறங்கும். வேறு வழி கிடையாது. அண்ணனும் வண்டிக்காரரும் தலைப்பக்கம், சலவைக்கடைக்காரரும் வண்டிக்காரரின் கூட்டாளியும் கால்பக்கம். கித்தான் படுக்கையில் வைத்து இறக்கினார்கள். படி குறுகல். பாதியில் நின்று மூச்சு வாங்கினார்கள்.

"ஆளு குச்சியா இருக்காரு. கனத்தைப் பாரு, கனத்தை!" என்றார் சலவைக்கடைக்காரர். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அண்ணன் நிமிர்ந்து தங்கையைப் பார்த்தான். அவள் படிக்கட்டின் கைப்பிடியைத் துடைப்பதுபோல் துடைத்தாள்.

கடைக்குள் திரும்பும் இடத்தில் படுக்கையின் கட்டை, மேடைத் தராசின் தூணில் இடித்தது. தராசு ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. அதன் ஒரு காலுக்கடியில் வருஷக்கணக்காக முட்டுக்கொடுத்திருந்த மடித்த அட்டை நழுவி, காலையில் கழுவிவிட்ட தரையின் ஈரத்தில் விழுந்தது. நாலு பேரின் காலும் அதன்மேல் ஏறிப் போயின.

வெளியே படுக்கையை வண்டிக்குள் தள்ளுகிற சத்தம் கேட்டது. அம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்றி முன் இருக்கையில் உட்காரவைத்தார்கள்.

"பத்து நிமிஷம் இருக்கும்மா," என்றார் வண்டிக்காரர். "மயானத்துல நம்ம நேரம் பத்தரைக்குத்தான்."

சின்னவள் கண்டக்டரைக் கடைக்குள் கூப்பிட்டாள். கண்டக்டர் கூடையை மேசைமேல் வைத்துவிட்டு, கடைவாசலைத் திரும்பிப் பார்த்துத் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"நீங்க எல்லாரும் அவரை நல்லாத்தான் பாத்துக்கிட்டிருப்பீங்க அக்கா. ஆனா தனியா ஏன் அனுப்பினீங்கன்னு மட்டும் எனக்குத் தோணிக்கிட்டே இருந்துச்சு."

"எங்க அனுப்பினோம்?"

"போன மாசம். என் பஸ்ஸுலதான் வந்தாரு, ரெண்டு தடவ. பெரியாஸ்பத்திரி ஸ்டாப்புல இறங்கினாரு. கூட யாரும் வரலையான்னு கேட்டேன். விசாரிக்கத்தான் போறேன்னாரு. பூனைக்கான்னு கேட்டேன். சிரிச்சாரு." கண்டக்டர் நிறுத்திக்கொண்டாள். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

சின்னவள் தராசின் முன்னால் குனிந்தாள். முள்ளுக்குக் கீழே, விரல்நகம் அளவுக் கண்ணாடிக்குள் ஒரு ரசமட்டம் இருந்தது. அதன் குமிழ் வட்டத்தின் நடுவில் நிற்கவேண்டும். நிற்காமல் அப்பா எதையும் எடை போட்டதே இல்லை. "தராசு கோணினா முள் என்ன பண்ணும் பாவம்" என்பார். இப்போது குமிழ் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது.

கீழே கிடந்த அட்டை கூழாகியிருந்தது. கைக்கு எட்டியது சுவர் ஆணிதான். பத்தொன்பது அட்டைகளையும் அவள் புரட்டினாள். இவையெல்லாம் பூனைகளின் சரித்திரம். எதை மடித்துக் காலுக்குக் கொடுப்பது? கடைசியில், எல்லாவற்றுக்கும் அடியில், எழுதாத அட்டையென்று நினைத்து ஒன்றை உருவினாள்.

எழுதியிருந்தது. இருபதாவது அட்டை. பூனையின் பேர் என்ற இடத்தில், தராசுக்காரன் என்று போட்டிருந்தது.

வியாழக்கிழமைகளில் முள்ளை அவள்தான் படித்தாள். ஆனால் எழுதியது அவர். "உன் கையெழுத்து கோழி கெளறின மாதிரி இருக்கும், நானே எழுதிக்கறேன், நீ போய் அண்ணனுக்குப் போன் பண்ணு" என்று அவளை அனுப்பிவிடுவார். எங்கே எழுதினார் என்று அவள் கேட்டதில்லை.

எட்டுத் தேதிகள். எட்டு எடைகள். எல்லாம் அவள் வாயால் சொன்ன எண்கள்தான், ஒன்றுகூடப் பிசகவில்லை. பக்கத்தில், மூன்றாவது கட்டம். முதல் வாரம், கொஞ்சம் சதை. இரண்டாவது வாரமும் அதுவே. மூன்றாவது வாரம், எடை முதல்முதலாக ஏறிய அன்று, எலும்பு. நாலாவது வாரம் எலும்பு. அதன் கீழே எலும்பு. அதன் கீழே எலும்பு. கடைசி வரி வரைக்கும் அதே நிமிர்ந்த எழுத்து, அவசரமோ நடுக்கமோ இல்லாமல். கையைப் பின்னால் வளைத்து, எட்டுகிற மட்டும் தானே தடவிப் பார்த்திருக்கவேண்டும்.

பொய் எழுதாத மனிதர். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. எல்லாரும் எடையைத்தான் கேட்டார்கள்.

எட்டு வாரமாக அது அந்த ஆணியிலேயே தொங்கியது. வாரத்துக்கு இருமுறை அவள் அந்த இடத்தில் தூசி தட்டியிருக்கிறாள்.

"இன்னும் என்ன பண்ணிக்கிட்டிருக்கே?" அண்ணன் வாசலில் நின்றான். "எல்லாரும் வண்டியில உக்காந்திருக்காங்க. என்ன அட்டை அது?"

திறந்திருந்த வண்டிக் கதவுவழியே அம்மாவின் குரல் தெருவில் கேட்டது. சலவைக்கடைக்காரர் மனைவியிடம் மறுபடியும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "அவருக்கு எதுவுமே தெரியாதும்மா. தேறிட்டோம்னு நம்பிக்கிட்டே..."

"உன்னைத்தான் கேக்கறேன். என்ன அது?"

"பழைய அட்டை," என்றாள் சின்னவள். "தராசு கோணிடுச்சு. இந்தப் பக்கம் காலைக் கொஞ்சம் தூக்கிப் பிடி அண்ணா."

"இப்பவா?"

"இப்பதான். பிடி."

அவன் முனகிக்கொண்டே குனிந்து தராசின் மூலையைத் தூக்கினான். அவள் அட்டையை இரண்டாக மடித்தாள். எழுத்து உள்பக்கம் போனது. மறுபடி மடித்தாள். நாலாக மடித்ததைக் காலுக்கடியில் திணித்து, உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினாள்.

"விடு."

அவன் விட்டான். கண்ணாடிக்குள் குமிழ் அசைந்து, தயங்கி, வட்டத்துக்குள் வந்து நின்றது.

கண்டக்டர் கூடையைத் தராசில் வைத்தாள். கூடையின் எடை எல்லாருக்கும் மனப்பாடம். கழித்தால் மூன்று கிலோ இருநூற்று அறுபது. போன வாரத்தைவிட இருநூற்று இருபது கிராம் கூடுதல்.

"ஏறிடுச்சு!" என்றாள் கண்டக்டர். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இருங்க."

சின்னவள் கூடைக்குள் கையை விட்டாள். சில்லறையின் கழுத்திலிருந்து வால்வரை மெல்லத் தடவினாள். நிறுத்தினாள். மறுபடி கழுத்துக்குப் போனாள். மூன்றாவது தடவையும் தடவினாள். பூனை முதுகை வளைத்து அவள் கையோடு உரசியது.

"என்னக்கா? சொல்லுங்கக்கா. நோய் திரும்பிடுச்சா?" கண்டக்டர் கூடையின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள்.

"நீ தொட்டுப் பாரு," என்றாள் சின்னவள், அண்ணனிடம்.

"நானா? எனக்கென்ன தெரியும்?"

"தொடு அண்ணா."

அவன் இரண்டு விரலால் தொட்டான். பிறகு கையை விரித்து வைத்தான்.

"எலும்பு தட்டுதா?"

"இல்ல. கெட்டியா இருக்கு. சதைதான்." கையை எடுக்க மறந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். "நல்லாத்தான் இருக்கு."

சின்னவள் சில்லறையின் வயிற்றையும் அழுத்திப் பார்த்தாள். இளகி இருந்தது. சில்லறையின் அட்டையை எடுத்து எழுதினாள். தேதி. எடை. மூன்றாவது கட்டத்துக்கு வந்தபோது பேனா கொஞ்சம் நின்றது. சதை என்று எழுதினாள். அவர் சொன்னதுபோல் கோழி கிளறியதாகத்தான் இருந்தது.

கண்டக்டர் டாக்டருக்குப் போன் போட்டாள். கால் மாத்திரை கூட்டச் சொன்னார்கள். அந்த மேசைமேலேயே மாத்திரையை உடைத்து, சுவர்க் கடிகாரத்தில் பத்து அடிக்கும்போது பூனையின் வாயைத் திறந்து உள்ளே போட்டு, தொண்டையை நீவிவிட்டாள். சில்லறை விழுங்கியது. விழுங்கிவிட்டு, தன்னை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்பதுபோல் மூன்று பேரையும் பார்த்தது.

"இன்னும் இருபத்தொரு நாள்தான்," என்றாள் கண்டக்டர். கூடையை மூடினாள். போகாமல் நின்றாள். "அடுத்த வியாழக்கிழமை..."

"வாங்க."

"கடை இருக்குமா அக்கா?"

அண்ணன் தங்கையைப் பார்த்தான். அவள் அண்ணனைப் பார்க்கவில்லை.

"தராசு இருக்கும்," என்றாள்.

கண்டக்டர் போனபிறகு அண்ணன் வாசற்படியில் நின்று, திரும்பாமலேயே கேட்டான்: "போன்ல பேசும்போது உனக்கு ஒரு தடவகூட சந்தேகம் வரலையா?"

சின்னவள் கதவை இழுத்துக்கொண்டிருந்தாள். துருப்பிடித்த கதவு, பாதியில் சிக்கும். இரண்டு கையாலும் பிடித்து இழுக்கவேண்டும்.

"வரல," என்றாள்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டு வண்டியில் ஏறினான். அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்காரவில்லை. அவள் அப்பாவின் கால்பக்கம், கிடைத்த இடத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தது. முன் இருக்கையில் அம்மா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். வாசலில் பலகை ஒரு முறை ஆடி நின்றது. மூடிய கடைக்குள், யாரும் ஏறாத தராசில், குமிழ் வட்டத்தின் நடுவில் அசையாமல் இருந்தது.

அவ்வளவுதான், கண்ணுகளா. எழுந்திருங்கள், நேரமாகிவிட்டது. உங்கள் வீட்டுப் பானை நிறைந்திருக்கட்டும். உங்கள் வீட்டுப் பூனைக்கு வருகிற நோய்க்கு மருந்தும், மருந்து உண்டென்று சொல்ல ஒரு வாயும் காலத்தில் வந்து சேரட்டும். உங்கள் வீட்டில் யாருடைய முதுகும் ஒரு கை படாமல் இருக்கவேண்டாம். போய் வாருங்கள். படி பார்த்து இறங்குங்கள்.